‘சர்வர் டவுன்’ என்று அட்டை வைக்கும் முன் மூன்றாவது பெட்டியைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனையில் டோக்கனுக்காக இரண்டு மணி நேரம் நின்ற வாசகர் ஒருவரின் கடிதத்தைச் சென்ற வாரம் உங்கள் பக்கத்தில் படித்தேன். எப்போது கேட்டாலும் ‘சர்வர் டவுன்’ என்பதே பதிலாக வந்தது என்றும், நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதிய காலத்தில் இந்தத் தொல்லை இல்லையே என்றும் அவர் வருந்தியிருந்தார். அவர் எந்த மருத்துவமனையைச் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அதே அட்டையை மேசைமேல் வைத்திருந்த வேறொரு தனியார் மருத்துவமனைக்கு, போன மே மாதம், கத்திரி வெயிலில் நான் வேலையாகப் போயிருந்தேன். வடசென்னையில் இருக்கிறது. பெயர் வேண்டாம், இன்னும் அவர்களிடம் எனக்குப் பாக்கி வரவேண்டியிருக்கிறது. அங்கே சர்வர் ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பாவம், அதன் மேல்தான் பழி.

நான் ஐம்பதைத் தாண்டியவள். 1994இல் பாலிடெக்னிக் படிப்பை முடித்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அலுவலகங்களின் கணினி வலையமைப்பைப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. ரிச்சி தெருவில் கேபிளும் அதன் முனையில் மாட்டும் கனெக்டரும் வாங்கி, பையில் ஒரு மடிக்கணினி, ஒரு கன்சோல் கேபிள், ஒரு கிரிம்பிங் கருவி என்று ஊரெல்லாம் சுற்றுகிறேன். அந்த அனுபவத்தில் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனை அளவுள்ள கட்டடத்தில் கணினி, தொலைபேசி, கேமரா, வைஃபை பெட்டி என்று நூறு, இருநூறு கருவிகள் இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் வரும் கேபிள் ஓர் அறையில் உள்ள ஸ்விட்ச் என்ற பெட்டியில் போய்ச் சேரும். விளக்கைப் போடும் சுவிட்ச் வேறு, இது வேறு. ஒரு பெட்டியில் 24 அல்லது 48 துளைகள். ஒன்று போதாது என்றால் நான்கைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பின்பக்கம் தடித்த கேபிளால் வளையமாகப் பிணைத்துவிடுவார்கள். இதற்குத்தான் ஸ்டாக் என்று பெயர். சிஸ்கோ நிறுவனத்தின் 3750 வரிசை 2003இல் வந்ததிலிருந்து இந்த ஏற்பாடு நம் ஊரில் பரவலாயிற்று. அதில் ஒன்பது பெட்டிகள் வரை பிணைக்கலாம். பிணைத்த பிறகு வெளியே பார்ப்பவருக்கு எல்லாம் சேர்ந்து ஒரே ஸ்விட்ச். ஒரே பெயர், ஒரே முகவரி. பெட்டிகளில் ஒன்று மாஸ்டர். நீங்கள் உள்ளே நுழைந்து எதைக் கேட்டாலும் பதில் சொல்வது அந்த மாஸ்டர்தான்.

இங்கேதான் சிக்கல். திருவல்லிக்கேணியில் நான் பிறந்து வளர்ந்தது ஒரு ஒண்டுக்குடித்தனம். ஏழு போர்ஷன், ஒரே கைப்பம்பு, வாசல் போர்ஷனில் வீட்டுக்காரர். வருகிறவர்களுக்கெல்லாம் திண்ணையில் உட்கார்ந்தபடி அவரே பதில் சொல்லி அனுப்பிவிடுவார். “எல்லாரும் இருக்கிறார்கள், எல்லாரும் சௌக்கியம்.” பொய்யில்லை. யார் குடியிருக்கிறார்கள், யார் வாடகை தந்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் கடைசி போர்ஷனில் ஓடு ஒழுகுகிறதா என்பது அந்த போர்ஷன் கதவைத் தட்டிக் கேட்டால்தான் தெரியும்.

ஸ்டாக்கும் அப்படித்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் சொந்தமாக ஒரு செயலி, சொந்த நினைவகம், சொந்த மின்சாரக் கட்டுப்பாட்டுச் சில்லு. மாஸ்டரில் நின்று செயலியின் சுமை எவ்வளவு என்று கேட்டால், அது தன் சுமையைத்தான் சொல்லும். கோளாறு தேடும் ‘டீபக்’ கட்டளையைப் போட்டால் அது மாஸ்டரில் மட்டுமே ஓடும். மூன்றாவது பெட்டி என்ன முனகுகிறது என்று தெரிய வேண்டுமா? மூன்றாவது பெட்டிக்குள் போய், அங்கே டீபக் போட வேண்டும். சிஸ்கோவின் கையேட்டிலேயே இது இருக்கிறது. கையேட்டை யார் படிக்கிறார்கள்?

அந்த மருத்துவமனையில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் மாடிப் புறநோயாளிப் பிரிவில் செவிலியர்கள் கையில் வைத்திருக்கும் டேப்லெட்டில்தான் டோக்கன் ஓடுகிறது. காலையில் நன்றாக இருக்கும். ஒன்பதரை மணிக்கு மேல் வைஃபை போகும், வரும், போகும். திங்கட்கிழமை மாலை, பராமரிப்பு ஒப்பந்தக்காரர் அனுப்பிய பையன் மொத்த ஸ்டாக்கையும் ரீபூட் செய்தான், அதாவது அணைத்து மறுபடி எழுப்பினான். இரவெல்லாம் பிழையில்லை, “சரியாகிவிட்டது” என்று புகாரை மூடினார்கள். செவ்வாய் காலை ஒன்பதரைக்கு மீண்டும் அதே கதை. மேலாளர் தொலைபேசியில் “மூன்றாவது ஸ்விட்ச்தான் தகராறு, அதை மட்டும் அணைத்துப் போடு” என்றார். பையன் ரேக்கில், அதாவது பெட்டிகளை அடுக்கியிருக்கும் சட்டத்தில், மேலிருந்து மூன்றாவதாக இருந்த பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினான். பில் போடும் இடம், மருந்தகம், ஸ்கேன் அறை எல்லாம் நின்றன. புறநோயாளிப் பிரிவின் வைஃபை மட்டும் அது பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தது.

காரணம் எளிது. மேலிருந்து மூன்றாவதாக இருந்தது ஒன்றாம் எண் பெட்டி, அதுவே மாஸ்டர். மூன்றாம் எண் பெட்டி எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. எப்போதோ ஒரு பெட்டி எரிந்து, வேறு வாங்கி மாட்டிய குழப்பத்தில் மேலிருந்து கீழே 2, 4, 1, 3 என்று வரிசை ஆகிவிட்டிருக்கிறது. ரேக்கில் இருக்கும் இடத்துக்கும் ஸ்டாக் எண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதைத் தெரிந்துகொள்ளக் கணினிகூடத் தேவையில்லை. பெட்டியின் முகப்பில் இடதுபக்கம் ‘மோட்’ என்று ஒரு சிறிய பொத்தான் இருக்கும். ‘ஸ்டாக்’ என்ற விளக்கு எரியும்வரை அதை அழுத்திக்கொண்டே வந்தால், முதல் ஒன்பது துளைகளின் விளக்குகள் எண் பலகை ஆகிவிடும். எது மினுக்குகிறதோ அது அந்தப் பெட்டியின் எண். விடாமல் எரிபவை உடன்பிறப்புகள். புதன்கிழமை நான் போனதும் செய்த முதல் வேலை இதுதான். பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அடிப்பெட்டியில் மூன்றாவது விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அவன் முகம் போன போக்கைப் பார்த்து மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பேனா வாங்கி நான்கு பெட்டிகளிலும் எண் எழுதி ஒட்டச் சொன்னேன்.

பிறகு மாஸ்டருக்குள் நுழைந்து, பெட்டிகளின் நிலையைக் காட்டும் ‘ஷோ ஸ்விட்ச்’ கட்டளையைக் கேட்டேன். நான்கு பெட்டிகளும் ‘ரெடி’. வீட்டுக்காரர் திண்ணையிலிருந்து சொல்லும் பதில். எந்தத் துளைக்கு எவ்வளவு மின்சாரம் என்று காட்டும் ‘ஷோ பவர் இன்லைன்’ கேட்டேன். வைஃபை பெட்டிக்கும் மேசைத் தொலைபேசிக்கும் மின்சாரம் அந்த லேன் கேபிளிலேயே போகிறது. ஒரு ஸ்விட்ச் பெட்டிக்கு மொத்தம் 370 வாட் கணக்கு. ஒரு துளைக்கு அதிகபட்சம் 15.4 வாட் என்று வைத்தால் 24 துளைகளுக்கு 369.6. ஆகவே 48 துளைப் பெட்டியில் எல்லாவற்றிலும் முழுப்பசிக்காரர்களை உட்கார வைத்தால் பாதிப் பேர் பட்டினி. இங்கே அந்தப் பிரச்சினை இல்லை. மூன்றாம் பெட்டியில் பாதி மின்சாரம் மிச்சமிருந்தது. இந்தக் கணக்கை மாஸ்டர் சரியாகத்தான் சொன்னது, அதையும் சொல்லிவிட வேண்டும். துளை திறந்திருக்கிறதா, எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது போன்றவற்றுக்கு மாஸ்டரே போதும்.

அடுத்து, பதிவேடு. பெட்டி தன் அனுபவங்களை எழுதிவைக்கும் இடம் அது. ஒரு பெட்டி சொன்ன செய்தி என்றால் ஸ்விட்சின் பெயருக்குப் பின்னால் ஒரு சிறுகோடும் அந்தப் பெட்டியின் எண்ணும் சேர்ந்து வரும். அதைத் தேடினேன். ஒன்றுமில்லை. ஏன் என்று பார்த்தால் பதிவேட்டின் அளவு, தொழிற்சாலையில் வைத்த அதே 4096 எழுத்துகள். ஒரு வரிக்கு நூறு எழுத்து என்றால் நாற்பது வரி. காலையில் கட்டடமே விழித்து ஆளாளுக்குக் கணினியைப் போடும்போது நாற்பது வரி சில நிமிடங்களில் நிரம்பி, பழையது வழிந்து போய்விடும். போதாததற்கு இரண்டு நாளில் இரண்டு முறை ரீபூட். செவ்வாய் மாலையும் ஒரு முறை போட்டிருக்கிறார்கள். பதிவேடு இருப்பது தற்காலிக நினைவகத்தில். மின்சாரம் போனால் எல்லாம் துடைத்து எடுத்தாற்போலப் போய்விடும். திருட்டு நடந்த வீட்டைப் போலீஸ் வருவதற்கு முன்பே பெருக்கி, மெழுகி, கோலமும் போட்டு வைத்திருந்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. கடிகாரத்தை யாரும் பொருத்தி வைக்கவில்லை. அப்படி விட்டால் இந்தப் பெட்டிகள் ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் 1993 மார்ச் 1ஆம் தேதி என்று நினைத்துக்கொண்டே எழுந்திருக்கும். (அன்று நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு.) ஆகவே மிச்சமிருந்த வரிகளிலும், எந்தக் கோளாறு எத்தனை மணிக்கு என்று சொல்ல வழியில்லை. ஒன்பதரை மணிக்குத்தான் ஆரம்பிக்கிறது என்பதை எனக்குச் சொன்னவர் ஒரு செவிலியர்.

மாஸ்டரிலேயே மின்சாரத்துக்கான டீபக்கைப் பையன் முந்தைய நாள் போட்டுப் பார்த்திருக்கிறான். “ஒரு வரிகூட வரவில்லை, மேடம். அதனால்தான் ஸ்விட்சில் ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்” என்றான். கேட்ட கேள்வி சரி, கேட்ட இடம்தான் தவறு. நான் ‘செஷன் 3’ என்று அடித்து என்டர் தட்டினேன். திரையில் ஸ்விட்சின் பெயரோடு ஒரு சிறுகோடும் 3 என்ற எண்ணும் ஒட்டிக்கொண்டன. அவ்வளவுதான், இப்போது கடைசி போர்ஷனுக்குள் நிற்கிறோம். “இங்கே ஏதாவது தப்பாக அடித்துவிட்டால்?” என்று பையன் பயந்தான். பயமே வேண்டாம். உறுப்பினர் பெட்டிக்குள் போனால் ‘ஷோ’வும் ‘டீபக்’கும் மட்டும்தான் எடுபடும். பார்க்கலாம், கேட்கலாம், எதையும் மாற்ற முடியாது. உள்ளே போகாமலேயே மாஸ்டரில் நின்று ‘ரிமோட் கமாண்ட் 3’ என்று சொல்லி, அதன் பின்னால் கேள்வியைச் சேர்த்தும் கேட்கலாம். எண்ணுக்குப் பதில் ‘ஆல்’ என்றால் எல்லாப் பெட்டியும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதில் தரும். புதிய வரிசைகளில் கட்டளையின் நடுவிலேயே ‘ஸ்விட்ச் 3’ என்று குறிப்பிட்டுக் கேட்கிற வழக்கம் வந்திருக்கிறது. ஜூனிபர் என்ற வேறொரு நிறுவனத்தின் பெட்டிகளில் ‘ரிக்வெஸ்ட் செஷன் மெம்பர் 3’. சொற்கள் வேறு, சங்கதி ஒன்று.

மின்சாரத்துக்கான டீபக்கை, ‘டீபக் ஐ.எல்.பவர் கண்ட்ரோலர்’ என்று அடித்தேன். மணி ஒன்பது இருபது. சிறிது நேரம் திரை சும்மா இருந்தது. பையன் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வரிகள் விழ ஆரம்பித்தன. அவற்றுக்கு நடுவே, மூன்றாம் பெட்டி, பதினேழாம் துளை: ‘ஐமேக்ஸ் எரர்’. அந்தத் துளை வழியாக மின்சாரம் எல்லை மீறிப் பாய்கிறது, அதனால் நிறுத்துகிறேன் என்று பெட்டி சொல்கிறது. நிறுத்தும், சற்றுப் பொறுத்து மறுபடி கொடுத்துப் பார்க்கும், மறுபடி நிறுத்தும். இரண்டு நாளாகப் பெட்டி காரணத்தைச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

டீபக்கை நிறுத்திவிட்டு வெளியே வந்தேன். இந்த இடத்தில் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கே போட்டீர்களோ அங்கேயே நிறுத்துங்கள். பல வருடங்களுக்கு முன் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் நான்காம் பெட்டிக்குள் டீபக் போட்டுவிட்டு, மாஸ்டருக்கு வந்து எல்லாவற்றையும் நிறுத்தியதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். செயலி மற்ற வேலையை விட்டுவிட்டு டீபக்குக்கே முன்னுரிமை கொடுக்கும். இரவு பதினொரு மணிக்கு அழைப்பு வந்தது. பெரம்பூரிலிருந்து அம்பத்தூர் வரை ஆட்டோவில் போகும்போது எனக்கு நானே என்னென்ன சொல்லிக்கொண்டேன் என்பதை உங்கள் பத்திரிகையில் அச்சிட முடியாது.

பதினேழாம் துளையின் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனோம். முதல் மாடி, புறநோயாளிப் பிரிவு, தூணுக்கு அருகே கூரையில் வைஃபை பெட்டி. அதற்கு நேர் கீழே தரையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி. எல்லாரும் அதைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தார்கள். துப்புரவு வேலை செய்யும் அம்மாவிடம் விசாரித்தேன். “பத்து நாளாக இருக்கிறது, மேடம். ஏசி போட்டு ஒரு மணி நேரம் ஆனால் சொட்டும். நிறுத்தினால் நின்றுவிடும்” என்றார். ஏணி போட்டு ஃபால்ஸ் சீலிங் பலகையைத் தூக்கினால், ஏசியின் கழிவுநீர்க் குழாய் இணைப்பில் விரிசல். தண்ணீர் கேபிள் வழியாக இறங்கி நேராகக் கனெக்டருக்குள். எட்டு உலோகக் கால்களில் நான்கு பச்சை பூத்திருந்தன. ஏசி காலை எட்டரைக்கு ஓட ஆரம்பிக்கும். இரவு எட்டுக்கு நிறுத்துவார்கள். திங்கள் மாலை ரீபூட் செய்தவுடன் ‘சரியான’ மர்மம் இதுதான். ஏசியை நிறுத்தியிருந்தார்கள், வேறொன்றுமில்லை.

ஒரு கனெக்டர். ரிச்சி தெருவில் மொத்தமாக வாங்கினால் டீ விலைகூட இல்லை. இதற்காக ஒரு மருத்துவமனை முழுவதையும் இரண்டு முறை இருட்டடித்து, நடுவில் மாஸ்டரையும் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். ஸ்டாக் எழுந்து, தொலைபேசிகள் எழுந்து, எல்லாரும் மறுபடி உள்நுழைய ஒவ்வொரு முறையும் கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். அந்த நேரத்தில் மருந்தகத்தில் நின்றவர்களுக்கும் அதே அட்டையைத்தான் காட்டியிருப்பார்கள்.

அந்தப் பையனை நான் குறை சொல்ல மாட்டேன். மாதம் பதினெட்டாயிரம் சம்பளம், ஒரே நாளில் நான்கு இடம், பெட்ரோல் அவன் கைக்காசு. ‘ரீபூட் போட்டு மூடு’ என்று மேலிருந்து உத்தரவு. எனக்குக் கோபம் ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் மேல்தான். இணைப்பு இத்தனை மணி நேரத்துக்குள் திரும்ப வேண்டும், தவறினால் அபராதம் என்று எழுதுகிறார்கள். என்ன காரணத்தால் போனது என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும் என்று நான் பார்த்த எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. அப்படியென்றால் காரணம் தேடுகிறவனுக்கு அபராதம், அணைத்துப் போடுகிறவனுக்குக் கூலி. மருத்துவமனை, பள்ளி, அரசு அலுவலகம் என்று எங்கே ஒப்பந்தம் போடுகிறவராக இருந்தாலும், ரீபூட் செய்வதற்கு முன் ஒவ்வொரு பெட்டியிலும் தனித்தனியாகக் கேட்டு அதன் பதிலைச் சேமித்து வைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. பதிவேட்டைப் பெரிதாக்குவதும் கடிகாரத்தைப் பொருத்துவதும் ஒரே ஒரு முறை செய்கிற காரியம். பெட்டிகளில் எண் ஒட்ட ஒரு பேனாவும் கொஞ்சம் டேப்பும் போதும்.

தமிழில் இதையெல்லாம் எங்கே படிப்பது என்று அந்தப் பையன் கேட்டான். அதனால்தான் உங்களுக்கு எழுதினேன். கைப்பேசி விமர்சனத்துக்கு வாரம் அரைப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். அதில் ஒரு மூலை தாருங்கள். நானே எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
வலையமைப்புப் பராமரிப்பாளர்
(பெயரும் முகவரியும் தனித்தாளில், வெளியிட வேண்டாம்)
பெரம்பூர், சென்னை - 11

பின்குறிப்பு: கனெக்டரை மாற்றி, வைஃபை பெட்டியைத் தூணின் மறுபக்கத்துக்கு நகர்த்திவிட்டு வந்தேன். போன வாரம் பாக்கி கேட்கப் போயிருந்தேன். டோக்கன் ஓடுகிறது. ஏசி குழாயைப் பழுதுபார்க்க இன்னும் ஆள் வரவில்லை. வாளி அங்கேயேதான் இருக்கிறது.